பழைய எஸ்டீமில் ஆட்டோகிராஸ் ஓட்டணுமா? ஸ்பிரிங்கை வெட்டாதீங்க!

போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஸ்டீயரிங்கைத் திருப்பியும் உங்க பழைய மாருதி எஸ்டீம் நேராகவே போகப் பார்க்குதா? ஆட்டோகிராஸிலும் நேரத்தைத் தின்பது இதுதான். மைதானத்தில் கூம்புகள் வைத்து வளைவுப் பாதை அமைப்பாங்க. குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கே வெற்றி.

1990-களில் ரேலிகளில் கலக்கிய இந்தக் காரில், எஞ்சின் எடை, இழுவை, திருப்புவது என எல்லாமே முன் டயர்கள் மேல் விழுது.

பலர் முதலில் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துறாங்க. பார்க்க கெத்துதான். ஆனால் சஸ்பென்ஷன் அசைய இடமில்லாமல் அடி வாங்கும். ஸ்பிரிங் நழுவவும் வாய்ப்புண்டு.

காசை முதலில் ரப்பர் புஷ்களில் போடுங்க. லோயர் ஆர்ம் புஷ் போயிருந்தால் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது. அடுத்து ஷாக் அப்சார்பர். பானெட் மூலையை அழுத்தி விடுங்க. ரெண்டு மூணு தடவை ஆடினால் மாற்றியாகணும். அதன்பிறகே அலைன்மென்ட். முன்சக்கரத்தின் மேல்பகுதி கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருந்தால், வளைவில் டயர் முழுசா தரையைப் பிடிக்கும். இதைத்தான் நெகட்டிவ் கேம்பர் என்கிறாங்க.

செலவே இல்லாத வேலையும் உண்டு. டயர் ஓரத்தில் தொடங்கி பக்கச்சுவர் வரை சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டுங்க. பக்கச்சுவரிலும் கோடு அழிந்தால் காற்று குறைவு. ஓரத்திலேயே அழியாமல் இருந்தால் அதிகம். 2 பிஎஸ்ஐ வீதம் மாற்றிப் பாருங்க.

ஆனால் இந்தச் சோதனை போடிமெட்டில் வேண்டாம். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் முதல் முறையே 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கோவை செட்டிபாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி மூடிய களம்தான் இதுக்கு இடம்.