கரும்புத் தொட்டில்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வருகிறவர்கள் எல்லோரும் மலையுச்சியையே நோக்குவார்கள். மகாரதம் ஓடும் நாளில் மாட வீதியில் சற்றே பார்வையைத் தாழ்த்தினால் வேறொரு காட்சியும் தென்படும். கரும்புகளைச் சேர்த்து, அவற்றில் புடைவையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் குழந்தையைக் கிடத்தி, தாயும் தந்தையும் தோளில் சுமந்து கோவிலை வலம் வருவார்கள். பிள்ளையில்லாக் குறை தீர்ந்தவர்கள் செலுத்தும் பிரார்த்தனை அது. ரமணாசிரமப் பகுதியில் தங்கும் அயல்நாட்டு அன்பர்களுக்கு இது வியப்பாயிருக்கும். மூங்கிலை விட்டுக் கரும்பைத் தேடுவானேன்?

ஒரு கரும்பின் கணுவிலிருந்தே அடுத்த கரும்பு முளைக்கிறது. வம்சம் தழைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான அடையாளம் ஏது? மேலும், தமிழர் வீட்டில் குழந்தையும் இனிப்பும் வேறல்ல. 'செல்லமே' என்று கொஞ்சும் வாய் உடனே 'வெல்லமே' என்கிறது. 'சர்க்கரைக் கட்டி' என்கிறது. பிள்ளை பிறந்த செய்தி கொண்டு வந்தவருக்கு, "உம் வாயில் சர்க்கரையைப் போடவேண்டும்" என்பது நம் வழக்கமன்றோ?

ஜப்பானியரிடமும் இதற்கு ஒப்பான வழக்கு உண்டு. அவர்கள் மொழியில் 'அமாய்' என்றால் இனிப்பு. பிள்ளைகளுக்கு அளவு மீறி இடங்கொடுக்கும் பெற்றோரும் 'அமாய்'தான். தாராளமாக மதிப்பெண் இடும் உபாத்தியாயரும் 'அமாய்'தான்! தாயின் அன்பை நம்பிக் குழந்தை அவள்மேல் சாய்ந்துகொள்வதை 'அமாயே' என்பார்கள். தோய் தக்கேயோ என்னும் மனநல வைத்தியர் 1971-ல் இந்த ஒரு சொல்லை வைத்தே தம் மக்களின் மனப்போக்கை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்.

சர்க்கரை என்னும் பெயரிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. வடமொழியில் 'சர்க்கரா' என்றால் பருக்கைக் கல். அச்சொல்லே பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பிய மொழிகளில் புகுந்தது. ஜப்பானியர் சர்க்கரையை 'சாத்தோ' என்கிறார்கள். சீனத்திலிருந்து வந்த அப்பெயரின் முதல் எழுத்துக்கு மணல் என்று பொருள். நாமோ சீன தேசத்தை நினைந்து 'சீனி' என்கிறோம்.

இனிப்பை மட்டும் தனியே விரும்புவது இரு நாட்டாரின் மரபுமன்று. அவர்களுடைய தேநீர்ச் சடங்கில் முதலில் தித்திப்புப் பண்டம். பிறகுதான் கசப்புத் தேநீர். நம் சித்திரை வருஷப் பிறப்பில் வெல்லமும் வேப்பம்பூவும் ஒரே கிண்ணத்தில் கலந்து வருகின்றன.

ஆனால் இன்று நம் சர்க்கரை என்னும் சொல்லுக்கே ஒரு சங்கடம் நேர்ந்துவிட்டது. "அவருக்குச் சர்க்கரை" என்றால் வியாதி என்று பொருள். விருந்தாளிக்குக் காப்பி கொடுக்குமுன், "சர்க்கரை போடலாமா?" என்று தயங்கிக் கேட்கிறோம். உடம்பைப் பேணுவது அவசியந்தான். வைத்தியர் சொல்லைத் தட்ட வேண்டியதில்லை. முன்னோர் இனிப்பை வைத்திருந்த இடத்தை நினைவில் கொண்டால் போதும். நற்செய்திக்கு ஒரு சிட்டிகை, பண்டிகைக்கு ஒரு கிண்ணம், அதுவும் பலரோடு பகிர்ந்து. தினந்தோறும் தனியே உட்கார்ந்து தின்பதற்காக அவர்கள் அதைப் போற்றவில்லை.

கரும்புத் தொட்டிலைச் சுமந்து வரும் தாய் அந்தக் கரும்பைக் கடித்துப் பார்ப்பதில்லை. அவளுக்கு வேண்டிய இனிப்பு தொட்டிலுக்குள் உறங்குகிறது.