வெளிக்களத்தில் வானொலிக்கு மின்னாக்கி

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும் நகரங்களில் வாழும் நாம், மின்சாரத்தைப் பற்றிச் சிந்திப்பது அது நின்றுபோகும்பொழுதுதான். அமெச்சூர் வானொலி அன்பர்களோ அது நின்றுபோகும் நாளை முன்கூட்டியே எண்ணிப் பழகுபவர்கள். அரசாங்கத் தேர்வில் தேறி, உரிமமும் தமக்கெனத் தனி அழைப்புக் குறியும் பெற்று, ஊதியம் கருதாமல் செய்தி அனுப்பியும் பெற்றும் மகிழும் இவர்களை உலகம் ‘ஹாம்’ என்ற செல்லப் பெயரால் அழைக்கிறது. கூடாரத்தையும் கம்பியையும் சுமந்து வெட்டவெளிக்குச் சென்று, அங்கே நிலையம் அமைத்துப் பேசுவது இவர்களுடைய பயிற்சிகளுள் ஒன்று.

இப்பயிற்சி வீண் விளையாட்டன்று. 1999-இல் ஒரிசாவைப் புயல் தாக்கியபோதும், 2001-இல் கட்சுப் பகுதி பூகம்பத்தால் குலைந்தபோதும் ஹாம்கள் தொண்டாற்றினர். 2004 டிசம்பரில், ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவொன்று அந்தமான் சென்றிருந்தது. அந்நாளில் போர்ட் பிளேர் என்றும், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் பெயர் வழங்கும் நகரிலிருந்து அக்குழுவினர் உலக நாடுகளோடு பேசிக்கொண்டிருந்தனர். டிசம்பர் 26-ஆம் நாள் பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்தன. வழக்கமான தொடர்புகள் அறுபட்ட அவ்வேளையில், பொழுதுபோக்குக்காக அமைத்த நிலையமே தீவுகளின் செய்தியைத் தாய்நிலத்துக்குக் கொண்டுவரும் பாதையாயிற்று. அத்தீவுகளில் குடியேறி வாழும் தமிழர் பலர் என்பதை நினைத்தால், இப்பொருள் நமக்கு எத்துணை நெருக்கமானது என்பது விளங்கும்.

இனி, வெளிக்களத்துக்கு உகந்த மின்னாக்கியை, அதாவது ஜெனரேட்டரை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. நூறு வாட் ஆற்றலுள்ள சாதாரண ஒலிபரப்பிக் கருவி, பேசும்பொழுது 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 22 ஆம்பியர் இழுக்கும். அதாவது சுமார் 300 வாட். மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியில் நேரும் இழப்பையும் சேர்த்தால் 400 வாட் என்று கொள்ளலாம். கேட்கும்பொழுது ஓரிரு ஆம்பியரே போதும். ஒரு கருவி, ஒரு மடிக்கணினி, இரண்டு விளக்கு ஆகியவற்றுக்கு 500 வாட் வேண்டும். மின்னாக்கியை அதன் முழுத் திறனில் இடைவிடாது ஓட்டுதல் நன்றன்று; ஆகவே 1000 வாட் திறனுள்ளது ஒரு நிலையத்துக்குப் போதும். இரு நிலையங்கள் ஒருங்கே இயங்குமாயின் 2000 வாட் வேண்டும்.

வாங்குவோர் இங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் காணும் எண் பெரும்பாலும் சில நொடிகளுக்கு மட்டும் தாங்கக்கூடிய உச்சத் திறன். தொடர்ந்து தரக்கூடிய திறன் அதனினும் குறைவு. நம் கணக்குக்கு உரியது பின்னதே.

மின்னாக்கிகளுள் இருவகை உண்டு. பழைய வகையில் எந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால்தான் 50 சைக்கிள் மின்சாரம் பிறக்கும். பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே ஓட்டம், அதே இரைச்சல். பாரம் திடீரென ஏறி இறங்கினால் வோல்ட்டும் ஆடும். இன்வெர்ட்டர் வகையிலோ, பிறந்த மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக்கப்பட்டு, மின்னணுச் சுற்றின் வழியாக மீண்டும் சீரான 230 வோல்ட்டாக வெளிவருகிறது. பாரத்துக்கேற்ப எந்திரம் மெதுவாக ஓடுவதால் பெட்ரோலும் மிச்சம், காதுக்கும் இதம். 1000 வாட் இன்வெர்ட்டர் மின்னாக்கி சுமார் 13 கிலோ எடைதான். ஒருவரே தூக்கிச் செல்லலாம். கால் பாரத்தில் மணிக்கு மூன்றிலொரு லிட்டர் பெட்ரோல் அளவில் செலவாகும். விலை மட்டும் அதிகம்.

ஆயினும் வானொலிக்காரருக்கு மற்றொரு சோதனை உண்டு. எந்திரத்தின் தீப்பொறியும் மின்னணுச் சுற்றும் வானொலி அலைகளில் இரைச்சலைப் பரப்பக்கூடும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் அதில் மூழ்கிவிடும். ஆகவே வாங்குமுன் வாங்கியொன்றைக் கடைக்கே எடுத்துச் சென்று, 80 மீட்டர், 40 மீட்டர் அலைவரிசைகளில் மின்னாக்கி ஓடும்போதும் நின்றபோதும் கேட்டு ஒப்பிடுவது அறிவுடைமை. ரெசிஸ்டர் பொருத்திய ஸ்பார்க் பிளக்கும், கம்பியில் மாட்டும் ஃபெரைட் வளையமும் குறையை ஓரளவு தீர்க்கும்.

செல்லும் இடத்தையும் எண்ண வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால், ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திறன் குறையும். சுமார் 3500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் 1000 வாட் மின்னாக்கி 650 வாட் தந்தாலே மகிழலாம். ரயிலில் அனுப்புவோர் பெட்ரோலை முற்றும் வடித்துவிட வேண்டும். எரிபொருளை உடன் கொண்டு செல்வது சட்டப்படி குற்றம்.

இரவு முழுவதும் எந்திரத்தை ஓட்டுதலும் தேவையன்று. 40 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதியைச் செலவிட்டால், சராசரி 4 ஆம்பியர் வீதம் 5 மணி நேரம் நிலையம் இயங்கும். பகலில் மின்னாக்கியால் அதை நிரப்பிக்கொண்டு, இரவில் அமைதியாகக் கேட்கலாம்.

இறுதியாக, உயிரைப் பற்றிய செய்தி. மின்னாக்கியின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே மாள்வர். மழை பெய்கிறதென்று மின்னாக்கியைக் கூடாரத்துள்ளோ தாழ்வாரத்திலோ வைத்தல் ஒருபோதும் ஆகாது. கூடாரத்திலிருந்து நன்கு தள்ளி, காற்று நம்மைவிட்டு அப்பால் வீசும் திசையில், புகைக்குழாய் மறுபுறம் நோக்க வைத்து, மேலே திறந்த கூரையொன்று அமைத்தல் வேண்டும். எந்திரத்தை நிறுத்தி, சூடு தணிந்த பின்னரே பெட்ரோல் ஊற்றுக. வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் மின்னாக்கியை இணைத்து வீடு முழுவதும் மின்சாரம் தர முயல்வதும் பெருந்தீங்கு. அது வெளிக் கம்பியில் பாய்ந்து, பழுதுபார்க்கும் ஊழியரைக் கொன்றுவிடும்.

பிறருக்கு உதவ விழைபவர் முதலில் தம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டும். அளவறிந்து வாங்கி, கேட்டுப் பார்த்துத் தெரிந்து, மாதம் ஒருமுறையேனும் ஓட்டிவைத்த மின்னாக்கியே, நெருக்கடி நாளில் முதல் இழுப்பில் உயிர்பெறும்.