வெள்ளெலி வளையும் அதன் தெள்ளுப்பூச்சியும்

ஆம்பூர்ப் பாலாற்றங்கரையின் மணற்பாங்கான இம்மேட்டில் காணும் துவாரங்கள், பகலெல்லாம் உள்ளே துயின்று அந்திக்குப்பின் இரைதேடப் புறப்படும் வெள்ளெலியின் வளைக்குரியவை. பக்கவாட்டில் தட்டையான தேகமும் பின்னோக்கிச் சாய்ந்த முட்களும் வாய்த்திருப்பதால், எலி எவ்வளவு கோதினாலும் எளிதில் உதிராமல் அதன் ரோமங்களுக்கிடையே ஊர்ந்து வாழ்வது ‘செனோப்சில்லா ஆஸ்டியா’ என்னும் தெள்ளுப்பூச்சி. இதற்கு 1911ஆம் ஆண்டில் பெயரிட்டவர் ராத்ஸ்சைல்டு. இதன் புழுப்பருவம் எலியைக் கடிப்பதேயில்லை. வளைத்தரையின் குப்பையையும், வளர்ந்த பூச்சிகள் கழித்த உலர்ந்த குருதித்துகளையும் உண்டே வளர்வதால், எலியின் ஜாதியைப் போலவே வளையின் சீதோஷ்ணமும் இதற்குப் பிரதானம்.

வெள்ளெலியோடு நில்லாமல் சென்னையின் வீட்டெலிகளிலும் இது குடியேறிற்று. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக்கைப் பரப்பியதோ இதன் பேரினத்தைச் சேர்ந்த மற்றொரு தெள்ளுப்பூச்சியான ‘கியோபிஸ்’. அந்நோயைக் கடத்துவதில் ஆஸ்டியா மந்தமானது என்பதைக் கொழும்பில் ஆராய்ந்த எல்.எப். ஹர்ஸ்ட் எடுத்துக்காட்டினார்; சென்னை நகரம் பெரும் பிளேக்கிலிருந்து தப்பியதற்கு இதுவும் ஒரு காரணமென்பர்.

வேலூர் வட்டாரத்து வைத்தியர்களின் இன்றைய கவலை வேறு: எலிகளின் காதுமடலில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும் சிற்றுண்ணிகளின் இளம்பருவம் கடிப்பதால் வரும் ‘ஸ்க்ரப் டைபஸ்’ காய்ச்சல். வளையருகே உள்ள புதரில் அமரவேண்டாம்.