மெடிக்கல் கோடிங்: 3 மாதப் பயிற்சி வேலைக்குப் போதுமா? பணம் கட்டும் முன் தெரிய வேண்டியவை

பயோடெக், பயோகெமிஸ்ட்ரி, நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி... இதில் எதை முடித்துவிட்டு வேலை தேடினாலும் சென்னையில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: "மெடிக்கல் கோடிங் போயேன், சீக்கிரம் வேலை கிடைச்சிடும்."

அறிவுரையில் தப்பில்லை. அமெரிக்க மருத்துவமனைகளுக்கான கோடிங் வேலையைச் செய்யும் நிறுவனங்கள் சென்னையில் நிறைய இருக்கின்றன. கோவை, திருச்சியிலும் உண்டு. ஆனால், பயிற்சி மையத்தின் போஸ்டருக்கும் முதல் மாதச் சம்பளத்துக்கும் நடுவே சில படிகள் இருக்கின்றன. அதைப் பற்றி போஸ்டரில் எழுதியிருக்காது.

கோடிங்னா புரோகிராமிங்கா?

இல்லை. அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்ததும் குறிப்பு எழுதுகிறார். அந்தக் குறிப்பை மட்டும் வைத்து இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் தராது. என்ன நோய், என்ன சிகிச்சை என்பதைக் குறியீடுகளாக அனுப்ப வேண்டும். குறிப்பைப் படித்து, சரியான குறியீட்டைத் தேர்ந்தெடுப்பவர்தான் மெடிக்கல் கோடர்.

நோய்க்கு ஐசிடி-10-சிஎம். அமெரிக்கா இதற்கு மாறியது 2015 அக்டோபர் 1-ல். அதற்கு முன்பு இருந்த ஐசிடி-9-ல் சுமார் 14,000 நோய்க் குறியீடுகள்தான். இப்போது 70,000-க்கும் மேல். டாக்டர் செய்த சிகிச்சைக்கு ஐந்து இலக்க சிபிடி குறியீடு. இதை வெளியிடுவது அமெரிக்க மருத்துவச் சங்கம். அட்மிட் ஆன நோயாளிக்கு மருத்துவமனை பில் போட்டால், ஆபரேஷனுக்கு ஐசிடி-10-பிசிஎஸ் என்ற தனிப் பட்டியல்.

மனப்பாடம் பண்ணினால் போதுமா?

70,000 குறியீடுகளை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, செய்யவும் தேவையில்லை. உண்மையான திறமை, டாக்டர் எழுதியதை விதிப்படி படிப்பதில் இருக்கிறது. இரண்டு உதாரணங்கள்:

முதலாவது, 'டைப் 2 சர்க்கரை நோய், சிறுநீரக நோய் நிலை 4' என்று டாக்டர் எழுதியிருக்கிறார். சர்க்கரை நோயால்தான் சிறுநீரகம் கெட்டது என்று அவர் எழுதவில்லை. புதிதாக வருபவர் இரண்டையும் தனித்தனி நோயாக எடுத்து, சர்க்கரைக்கு 'சிக்கல் எதுவும் இல்லை' என்ற இ11.9 போட்டுவிடுவார். ஆனால், வேறு காரணம் என்று டாக்டர் குறிப்பிடாதவரை இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது விதி. எனவே இ11.22, கூடவே நிலையைச் சொல்லும் என்18.4.

இரண்டாவது, இருமல், காய்ச்சலோடு ஒருவர் வருகிறார். 'நிமோனியாவாக இருக்கலாம்' என்கிறார் டாக்டர். வெளிநோயாளி என்றால் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மட்டும்தான் குறியீடு, நிமோனியா போடக்கூடாது. அதே நபர் அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் 'நிமோனியாவாக இருக்கலாம்' என்றே இருந்தால், மருத்துவமனைக்கான கோடிங்கில் நிமோனியா என்றே போட வேண்டும். வார்த்தை ஒன்றுதான், இடம் மாறினால் குறியீடு மாறும்.

இங்கே தப்பு நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்ம் திரும்பி வரும். செய்யாத சிகிச்சைக்கோ, கூடுதல் தொகைக்கோ தெரிந்தே கோடு போட்டு அரசுக் காப்பீட்டில் பணம் வாங்கினால், அமெரிக்காவின் போலி உரிமைகோரல் சட்டத்தில் வழக்கே வரலாம். அதனால்தான் நல்ல பயிற்சியில் உடற்கூறியல், மருத்துவச் சொற்கள், கோடிங் விதிகள் ஆகியவற்றோடு மாதிரி நோயாளிக் குறிப்புகளை நிறையப் படிக்க வைப்பார்கள்.

சிபிசி தேர்வு கட்டாயமா?

சிபிசி என்பது ஏஏபிசி என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் தேர்வு. 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். கோடு புத்தகங்களைத் திறந்து பார்க்கலாம். 'அப்போ ஈஸிதானே' என்று நினைக்க வேண்டாம். ஒரு கேள்விக்குக் கிடைப்பது 2 நிமிடம் 24 விநாடி. புத்தகத்தில் எது எங்கே இருக்கிறது என்று கை பழகியிருக்காவிட்டால் நேரம் போதாது.

அனுபவம் இல்லாமல் பாஸ் செய்தால் கிடைப்பது சிபிசி-ஏ. அந்த 'ஏ' பயிற்சி நிலையில் இருப்பவர் என்பதற்கான அடையாளம். இரண்டு ஆண்டு வேலை அனுபவத்தைக் காட்டினால் அதை நீக்குவார்கள். அதன் பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளிகள் எடுக்க வேண்டும்.

சில நிறுவனங்கள் சான்றிதழ் இல்லாத ஃப்ரெஷர்களை எடுத்துத் தாங்களே பயிற்சி தருகின்றன. சில நிறுவனங்கள் சான்றிதழ் இல்லாமல் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவதில்லை. எந்தப் பக்கம் போகப் போகிறோம் என்று வேலை விளம்பரங்களைப் பார்த்து முடிவு செய்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. சொல்லும் கட்டணத்தில் தேர்வுக் கட்டணம், ஏஏபிசி உறுப்பினர் கட்டணம், கோடு புத்தகங்கள் எல்லாம் அடக்கமா, தனியா?

2. எந்த ஆண்டுப் புத்தகம்? ஐசிடி ஒவ்வோர் அக்டோபர் 1-லும், சிபிடி ஒவ்வொரு ஜனவரி 1-லும் மாறும். டாக்டரிடம் சாதாரணமாகப் போய்வரும் விசிட்டுக்குக் கோடு போடும் விதியே 2021-ல் மாறியது. பழைய ஜெராக்ஸை வைத்துப் படித்தால் தப்பாகத்தான் படிப்போம்.

3. பாடம் எடுப்பவர் கோடராக வேலை செய்தவரா? அவருடைய சான்றிதழ் செல்லுமா என்பதை ஏஏபிசி இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

4. '100% பிளேஸ்மென்ட்' என்றால் என்ன? வேலையா, இன்டர்வியூ அழைப்பு மட்டுமா? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

5. ஒரிஜினல் சான்றிதழோ, வேலைக்கு டெபாசிட்டோ கேட்கிறார்களா? கேட்டால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயம்: மெடிக்கல் பில்லிங் என்று சொல்லி அழைக்கும் சில இடங்களில் தருவது ஏஆர் காலிங் வேலை. அது இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு போன் செய்து பாக்கியைக் கேட்பது. பெரும்பாலும் நைட் ஷிப்ட். கெட்ட வேலை இல்லை, ஆனால் கோடிங் வேறு, அது வேறு.

உள்ளே போனால் எப்படி இருக்கும்?

ஒரு மணி நேரத்துக்கு இத்தனை குறிப்புகள் என்று டார்கெட் இருக்கும். துல்லியம் பொதுவாக 95 சதவீதம் கேட்பார்கள். அமெரிக்காவின் 1996-ம் ஆண்டு 'ஹிப்பா' சட்டம் நோயாளித் தகவலைப் பாதுகாக்கச் சொல்வதால், பல அலுவலகங்களில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் சீட்டுக்குப் போக முடியும். நாள் முழுக்க ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து படிக்கும் வேலை. வாசிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதல் மாதத்திலேயே சலித்துவிடும்.

ஏஐ வந்தால் என்ன ஆகும்?

பயிற்சி மையங்கள் அதிகம் பேசாத கேள்வி இது. எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் போன்ற ஒரே மாதிரியான குறிப்புகளுக்கு மென்பொருளே கோடு போடத் தொடங்கிவிட்டது. சிக்கல் என்னவென்றால், ஃப்ரெஷர்கள் பழகுவதற்குக் கொடுக்கப்படும் வேலைகளில் இதுவும் ஒன்று. மென்பொருள் போட்டதைச் சரிபார்ப்பது, திரும்பி வந்த கிளெய்முக்குக் காரணம் கண்டுபிடிப்பது, சிக்கலான ஆபரேஷன் குறிப்பைப் படிப்பது ஆகியவற்றுக்கு இன்னும் ஆள் தேவை. ஆனால், அதற்கெல்லாம் விதி தெரிந்தவர்தான் வேண்டும். குறியீட்டைத் தேடி எடுக்க மட்டும் தெரிந்தவர் போதாது.

முதலில் இதைச் செய்து பாருங்கள்

ஐசிடி-10-சிஎம் விதிகளை அமெரிக்க அரசே ஒவ்வோர் ஆண்டும் இலவச பிடிஎஃப் ஆக வெளியிடுகிறது. நூறு பக்கங்களுக்கு மேல் இருக்கும். பொது விதிகளையும் சர்க்கரை நோய் பற்றிய பகுதியையும் ஒரு வாரம் உட்கார்ந்து படியுங்கள். மேலே சொன்ன சிறுநீரக உதாரணம் ஏன் அப்படி வந்தது என்று அதில் நீங்களே கண்டுபிடிக்க முடிந்து, அடுத்த பகுதியையும் புரட்டத் தோன்றினால் பயிற்சிக்குப் பணம் கட்டலாம். பத்துப் பக்கத்திலேயே அலுப்புத் தட்டினால், கட்டணம் மிச்சம்.