ரத்தத்தில் சிதையாத ஆர்.என்.ஏ.

ஆர்.என்.ஏ.வைக் கையாளும் ஆய்வாளர்கள் கையுறை இல்லாமல் குழாயைத் தொட மாட்டார்கள். விரல் நுனியில் ஒட்டியிருக்கும் நொதியே அதைத் துண்டு துண்டாக்கிவிடும். ரத்தத்திலோ அந்த நொதி தாராளமாக உண்டு. அங்கே ஆர்.என்.ஏ.வுக்குப் பிழைக்க வழியே இல்லை என்றுதான் தோன்றும்.

2008-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் முனீஷ் திவாரியின் குழு இதைச் சோதித்தது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை 24 மணி நேரம் அறை வெப்பத்திலேயே விட்டுவைத்தார்கள். எட்டு முறை உறையவைத்து உருக்கினார்கள். அதிலிருந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அசையவில்லை. ஆனால் ஒரு புழுவின் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைச் செயற்கையாகத் தயாரித்து அதே பிளாஸ்மாவில் விட்டதும் சீக்கிரமே சிதைந்துபோனது. நொதி தன் வேலையை விடவில்லை. உடம்பு வெளியிட்டவற்றுக்கு மட்டும் காவல் இருந்தது. ஆர்கோநாட் என்ற புரதம் அவற்றைப் பற்றிக்கொண்டிருக்கிறது. சில, நுண்ணிய கொழுப்புப் பைகளுக்குள் பயணிக்கின்றன.

சுமார் 22 எழுத்தே நீளமுள்ள இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்குகள் புரதம் எதையும் உண்டாக்குவதில்லை. எந்த மரபணு எவ்வளவு பேசலாம் என்று அடக்கிவைப்பவை. இவற்றை முதலில் கண்டறிந்த ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நோயறிவதற்கு உதவுவது, உறுப்புக்கு உறுப்பு இவை வேறுபடுவதுதான். கல்லீரலில் நிறைந்திருப்பது மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. மற்ற உறுப்புகளில் அது சொற்பம். கல்லீரல் பாதிப்பை அறிய நாம் வழக்கமாகப் பார்க்கும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி, தசை அடிபட்டாலும் ஏறும். பாரசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவருக்கு அது ஏறவே பல மணி நேரம் ஆகலாம். நச்சுமுறி மருந்தோ எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இப்படி வந்தவர்களைப் பரிசோதித்தபோது, எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருந்த கட்டத்திலேயே, பின்னால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களிடம் மிர்-122 உயர்ந்திருந்தது. அந்தச் சில மணி நேரம் ஓர் உயிரின் விலை.

பிறகு ஏன் தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனை இல்லை? ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து பிளாஸ்மா லேசாக ரோஜா நிறம் காட்டினாலே போதும், அவற்றிலிருந்த மிர்-451, மிர்-16 கலந்து கணக்கைக் குலைத்துவிடும். புற்றுநோய்க்கு அடையாளம் என்று அறிவிக்கப்பட்ட பல மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ரத்த அணுக்களிலிருந்தே வந்தவையாக இருக்கலாம் என்று 2012-இல் தெரியவந்தது. ஓர் ஆய்வகத்தின் முடிவு இன்னொன்றில் திரும்ப வராமல் போவதும் நடக்கிறது.

ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயையும் சொல்லிவிடுவோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், எத்தனை பேரிடம், எத்தனை ஆய்வகங்களில் சரிபார்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.