வஞ்சினம் பூண்ட மாந்தரும் அறத்தடுமாற்றமும்

புறத்திணை மாந்தரைப் பயிற்றுங்கால் யாம் நெடுநாளாக ஓர் இடர்ப்பாட்டினை உணர்ந்து வந்துள்ளோம். சொல் பிறழாமை, புறங்கொடாமை, அடைந்தாரைக் காத்தல் என்னும் பண்புகளை மாணவர் வரிசைப்பட ஒப்பிப்பர். அப்பண்புகளுள் இரண்டு ஒன்றோடொன்று முரணுமிடத்து அம்மாந்தர் யாது செய்வர் என வினவின், வாய்வாளாதிருப்பர். இக்குறையை நீக்க மேலைநாட்டு ஆட்டம் ஒன்று துணைபுரியும் என்பதும், அவ்வாட்டத்தின் குறையை நம் இலக்கியமும் வரலாறும் நிரப்பும் என்பதும் எம் கருத்து. அதனை ஈண்டு விளக்குவாம்.

ஆட்டத்தின் இயல்பு

நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்பர். நடத்துபவர் நிலைமையை விரித்துரைக்க, மற்றையோர் தத்தம் மாந்தர் செய்வதனை வாய்மொழியாற் கூறுவர். வெற்றியோ தோல்வியோ என ஐயம் எழுமிடத்துப் பகடை உருட்டி முடிவு காண்பர். 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்கட்கு முன்னோடியாகும். தென்பாண்டி நாட்டுத் திருவிழா மேடைகளில் 'ஸ்பெஷல் நாடக' நடிகர் ஒத்திகையின்றி ஓரிரவு ஒன்றுகூடி, நாரதரும் வள்ளியுமாய் நின்று தருக்கமிடுதலைக் கண்டவர்க்கு இதன் இயல்பு எளிதின் விளங்கும்.

இவ்வாட்டத்தில் 1975-இல் 'பாலடின்' என்னும் அறப்படை வீரன் இடம்பெற்றான். 1978-இல் வெளிவந்த கையேட்டின்படி, அவன் அறிந்தே ஒரு தீச்செயல் புரியின் தன் சிறப்பாற்றல்களை மீளாவண்ணம் இழப்பன். இவ்விதி ஒரு தீய வழக்கிற்கு இடந்தந்தது. பொய் பேசேன் எனச் சூளுரைத்த வீரனிடம், ஒளிந்திருக்கும் குழவி எங்கே எனக் கொலைஞன் வினவுவான். மெய் கூறின் குழவி மாளும். பொய் கூறின் சூள் அழியும். எவ்வழியினும் வீரன் வீழ்வன். இஃது அறத்தடுமாற்றம் அன்று. மானமுடையானைப் பிடிக்க வைத்த கண்ணியே ஆகும்.

கிரெக் ஸ்டாஃபோர்டு 1985-இல் வெளியிட்ட 'பென்டிராகன்' என்னும் ஆட்டம் இதனினும் நுண்ணியது. அதன்கண் பண்புகள் பதின்மூன்று இணைகளாக நிற்கும்; ஓரிணையின் கூட்டுத்தொகை 20. ஒன்று உயரின் மற்றொன்று தாழும். முரண் வீரனுக்குப் புறத்தே வைக்கப்படாது, அவன் நெஞ்சினுள்ளேயே வைக்கப்படுகின்றது.

தமிழ் காட்டும் நெறி

வஞ்சினம் கூறிய தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், தான் வெல்லாதொழியின் தனக்கு வருவனவாக எவற்றைக் கூறினான்? குடிமக்கள் தூற்றும் பழி, புலவர் தன் நிலத்தைப் பாடாதொழிதல், இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை என்பனவற்றையே கூறினான். ஆற்றல் இழப்பினை அவன் அஞ்சவில்லை. உலகத்தாரோடு தனக்குள்ள தொடர்பு அறுதலையே அஞ்சினான். ஆகவே, தமிழ் மரபில் மானத்தின் நடுவர் தெய்வமும் அல்லர், பகடையும் அன்று. குடிகளும் சான்றோருமே ஆவர்.

அந்நடுவர் வாளாவிருந்தாரும் அல்லர். மக்கள்மேல் போருக்கெழுந்த கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்தார். வென்றால் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய், தோற்றால் பகைவர் மகிழ்வரே என்பன அவர் காட்டிய காரணங்கள். சோழர் இருவர் தம்முள் பொருதபோது, எவர் தோற்பினும் தோற்பது நும் குடியே எனக் கோவூர்கிழார் உணர்த்தினார். மானம் பூண்டவன் தனியே விடப்படவில்லை என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி, மேற்கூறிய கண்ணியை வள்ளுவர் அறுத்தெறிவதும் நோக்கத்தக்கது. தீங்கு பயவாத சொல்லே வாய்மை எனவும், குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்ம்மையும் வாய்மையின்பாற்படும் எனவும் அவர் வரையறுத்தார். குறள் கற்ற வீரன் கொலைஞனிடம் பொய்யுரைத்துக் குழவியைக் காப்பன். அவன் சூளும் அழியாது. அங்ஙனமாயின், இலக்கணத்தால் தீர்க்கவொண்ணாத மெய்யான தடுமாற்றம் யாண்டுளது?

முக்குளத்தார் இருவர்

நரிக்குடியை அடுத்த முக்குளத்திற் பிறந்த மருதிருவர் வாழ்வில் அஃது உளது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை, மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் சிவகங்கைச் சீமைக்கு வந்தார். அவருக்கு இடமளித்தல் கும்பினியாரோடு போர் தொடுத்தலாகவே முடியும். அடைந்தாரைக் கைவிடாமை ஓர் அறம். நம்பி வாழும் குடிகளைப் போர்த்தீயினின்று காத்தல் மற்றோர் அறம். 1772-இல் காளையார்கோயிற் போரில் தம் மன்னரை இழந்தபின், வேலு நாச்சியாரோடு விருப்பாட்சியில் தாமே அடைக்கலம் புகுந்து வாழ்ந்து, 1780-இல் நாடு மீண்டவர் அவ்விருவர். எனவே, அடைக்கலத்தின் அருமை அவர்க்கு ஏட்டறிவன்று, பட்டறிவு.

அவர் சின்ன மருதுவின் சிறுவயலில் ஊமைத்துரையை ஏற்றனர். சூன் 16-இல் திருச்சிராப்பள்ளி அறிக்கை வெளிவந்தது. அக்டோபர்த் தொடக்கத்திற் காளையார்கோயில் வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்.

கோயில் இடிக்கப்படாமற் காக்கத் தம்மைத் தாமே ஒப்புவித்தனர் என்பது மக்கள் வழக்கு. எதிர்ப்படையில் இருந்த சேம்சு வெல்சு, 1830-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில், சின்ன மருது காயமுற்றுத் தொடையெலும்பு முறிந்த நிலையிற் பிடிபட்டதாக எழுதினார். ஈட்டியெறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவரையே வேட்டையாட நேர்ந்ததை அவர் வருத்தத்தோடு குறித்துள்ளார். நட்புக்கும் கடமைக்கும் இடைப்பட்ட தடுமாற்றம் பகைவர் பக்கத்தும் இருந்தது என்க. மானமுடையார் பிடிபடார், தாமே தம்மைத் தருவர் என்னும் மக்கள் உள்ளமே அவ்வழக்கில் வெளிப்படுகின்றது.

ஆட்டத்திற்கு ஆவன

இவற்றால் நடத்துபவர் கொள்ளவேண்டிய நெறிகள் மூன்று. ஒன்று, அறத்திற்கு எதிரே மறத்தை நிறுத்தாது மற்றோர் அறத்தை நிறுத்துக. இரண்டு, முடிவெடுக்குமுன் சான்றோர் ஒருவரையேனும் பேசவிடுக. மூன்று, எடுத்த முடிவிற்குத் தண்டம் விதியாது, அதன் விலையைக் கதையில் தொடர்ந்து வரச்செய்க.

நரிக்குடிப் பக்கத்து மாணவர் ஐவரைக் கொண்டு சிறுவயற் காட்சியை யாம் ஒருமுறை ஆடச் செய்தோம். சின்ன மருதுவை ஏற்ற மாணவர் சற்றும் தயங்காது அடைக்கலம் தந்தார். அப்போது கண்மாய்க்கரை உழவராய் அமர்ந்த மற்றொரு மாணவர், "ஐயா, நீங்கள் கொடுத்த சொல்லுக்கு எங்கள் ஊர் எரியலாமா?" என வினவினார். முன்னவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அடைக்கலம் தந்தது தந்ததுதான். ஊர் எரிந்தால் அந்தப் பழி என் பெயரில் நிற்கட்டும்; அவர் பெயரில் வேண்டா" என்றார்.

நெடுஞ்செழியன் வஞ்சினத்தை யாம் அவர்க்கு அதுகாறும் பயிற்றியிருக்கவில்லை. மறுநாள் வகுப்பில் பயிற்றினோம். அன்று உரை கூறவேண்டிய தேவை எமக்கு மிகவும் குறைவாகவே இருந்தது.