எல்லை கடந்து வரும் சரஸ்வதி

ஆண்டு முடிவில் சிறந்த புத்தகம், சங்கீதம், சித்திரம் என்று பட்டியல் போடுவது பத்திரிகை உலக வழக்கம். பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தமிழர்கள் போட்டால் அது ஒரே ஆண்டில் அடங்காது.

புத்தகத்துக்கு 1968. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த கவிஞர் நகுலன், தமக்குப் பிடித்த எழுத்துக்களைத் திரட்டி 'குருக்ஷேத்திரம்' தொகுப்பைக் கொண்டுவந்த ஆண்டு அது. மின்வாரியப் பொறியாளர் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' நாவலும் அதே ஆண்டுதான். பகலில் ஆபீஸ், இரவில் எழுத்து!

சித்திரத்துக்குப் பத்மநாபபுரம் அரண்மனைச் சுவர்கள். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தமிழகத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அரண்மனை தமிழ் மண்ணில், பராமரிப்பதோ கேரளத் தொல்பொருள் துறை.

சங்கீதத்தின் கதைதான் நீளம். அந்த அரண்மனைச் சரஸ்வதி ஆண்டுதோறும் நவராத்திரிக்காகக் களியக்காவிளை எல்லையைக் கடந்து, நெய்யாற்றின்கரையில் தங்கி, திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்துக்கு எழுந்தருளுகிறாள். வித்தைக்குரிய தெய்வமே பெண். ஆனாலும் அவள் சந்நிதியில் பெண்கள் கச்சேரி செய்யக்கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுப்பாடு.

1924இல் பாறசாலையில் பிறந்த பொன்னம்மாள், திருவனந்தபுரம் சங்கீதக் கல்லூரியின் முதல் மாணவி. பிறகு எத்தனையோ பேருக்கு ஆசிரியை. மண்டபக் கதவு அவருக்குத் திறந்தது 2006இல், வயது 80ஐக் கடந்த பிறகு. அன்று ஆடம்பரமில்லாமல் உட்கார்ந்து பாடினார். அதன்பின் பெண்கள் அங்கே பாடுவது தொடர்கிறது. பொன்னம்மாள் 2021 ஜூனில் காலமானார்.